பெட்டி போகாத ஊருக்கு

— அதே ஃபைல் தானே அண்ணன்? இங்க கட்டுகஸ்தோட்டையில நோம்பு தொறக்கச் சரியா அடிச்சிச்சி. யாழ்ப்பாணத்துக்குப் போய் எப்பிடி அரை மணித்தியாலம் முந்தும்?

— பொறும் பஹ்மி. அதைத்தான் யோசிக்கிறன்.

— காலையில இரிந்து யோசிக்கிறீங்க. ஒங்கட யோசனைக்குச் சத்தமே இல்லியே. இந்த ஃபேன் சுத்தினாலும் கரகரண்டு கேக்கும். உள்ளுக்கு வேல நடக்கிதா, நிண்டுட்டாண்டு பாத்துட்டு இரிக்கிற எனக்கு எப்பிடி வெளங்கும்?

— நடக்குது.

— அல்ஹம்துலில்லாஹ்.

— பெட்டியில, சிப்புக்குள்ள இருக்கேக்க இந்தப் புரோகிராம் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. மடவளைப் பள்ளியில ஓடுது, புசல்லாவைப் பள்ளியில ஓடுது. எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. சூரியன் எங்க நிக்குது, ஊர் எங்க கிடக்குது, இண்டைக்கு என்ன திகதி. அவ்வளவு தான்.

— அதத்தானே நானும் செல்றேன். நம்மட தொழுக மணிக்கூட்டுப் பெட்டி தன்ட பாட்டுக்கு நல்லா ஓடிச்சி. நீங்க தான் அதக் கொம்பியூட்டர்ல ஓட வெக்கப் போனீங்க.

— நான் போகேல்லை. நீர் போக வைச்சனீர்.

— சரி, நான் தான். ஆகஸ்ட்ல ஆமி யாழ்ப்பாணப் பாதையப் பூட்டினா நான் என்ன செய்ய? பெட்டிக்குள்ள இரிக்கிறது பேட்டரி, வயர், டைமர். மூணையும் ஒண்டாக் கட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப் போறேண்டு எந்த ஆமிக்காரன்ட்ட போய்ச் செல்ற?

— புசல்லாவைக்குக் கொண்டு போனதே காணும்.

— ஐயோ, அத ஞாபகப்படுத்தாதீங்க.

— சொல்லும். நான் சிரிச்சுக் கனநாள்.

— எத்தின தரம் தான் கேப்பீங்க? கம்பளைக்கு அங்கால பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கினான். என்ட பேக்கத் தொறந்து பாத்தான், அப்பிடியே நடு ரோட்டில வெச்சான். சனம் எல்லாம் தூரப் போய் நிக்கிது. நான் ரெண்டு கையையும் தூக்கிட்டு நிக்கிறேன். அந்த நேரம் பாத்து, வல்லாஹி, இவர், நம்மட பெட்டி, அஸர் தொழுகைக்கு அடிச்சார். பீப், பீப், பீப். ஒரு ஆமிக்காரன் தேயிலைக்குள்ள பாஞ்சிட்டான்.

— பிறகு?

— பொறவென்ன? பஸ்ஸில வந்த ஹாஜியார் ஒருத்தர் தன்ட கை மணிக்கூட்டப் பாத்தார். "மஹத்தயா, நேரம் சரி"ண்டார். ரோட்டோரத்தில துண்ட விரிச்சி தொழ நிண்டுட்டார். அதப் பாத்துத் தான் என்ன விட்டாங்க. சிரிங்க, சிரிங்க. எனக்கு இன்னும் அந்த எடத்துக்குக் கிட்ட பஸ் போனா வேர்க்கும்.

— அது தான் நான் சொல்லுறது. பெட்டி போகாத ஊருக்குப் புரோகிராம் போகலாம். மெயிலில போகும். ஆனால் போய்த் தங்கிறதுக்கு அங்க ஒரு வீடு வேணும். அங்க நிக்கிற என்ர மனிசி ரஞ்சியிட்ட இருக்கிறது மேசைக் கொம்பியூட்டர். எங்கட பில்டுக்குத் தெரிஞ்சது இந்தச் சின்னச் சிப் மட்டும்.

— இந்த பில்டுக் கதையத் தான் றலியா கேட்டா. "அண்ணன் மாசக் கணக்கா என்ன செய்றார்?"ண்டு. நான் வெளக்கப் போய் எனக்கே வெளங்காமப் போச்சி. பொஞ்சாதிக்கு முன்னால ஒரு கடைக்காரன் இப்பிடி முழிக்கக் கூடாது.

— இப்பிடிச் சொல்லும். எங்கட புரோகிராமில கணக்கு ஒரு துண்டு, சத்தம் ஒரு துண்டு, எழுத்துக் காட்டுறது ஒரு துண்டு, மணிக்கூட்டைப் பாக்கிறது ஒரு துண்டு. இதுகளைச் சேர்த்து, ஓடக்கூடிய ஒண்டாக் கட்டித் தாறது தான் பில்டு. ஒரு கட்டளை குடுத்தாக் காணும். இவ்வளவு நாளும் அது ஒண்டும் கேளாமல் சிப்புக்கே கட்டினது. இப்ப முதல்ல என்னட்டக் கேக்குது: பெட்டிக்கோ, மேசைக்கோ? பெட்டிக்கு எண்டா பஸ்ஸர், சிவப்பு லைட். மேசைக்கு எண்டா ஸ்பீக்கர், திரை. கணக்கு மட்டும் ரெண்டுக்கும் ஒண்டு.

— அந்தக் கணக்கையும் கொப்பி அடிச்சி வேறயா ஒண்டு எழுதிரிந்தா நோம்புக்கு முந்தியே முடிஞ்சிரிக்கும். ஒங்கட ரஞ்சிதக்காவும் அதத்தான் சென்னா.

— கொப்பி அடிச்சா ரெண்டு கணக்கு. இதில ஒண்டைத் திருத்துவன், அதில மறப்பன். பிறகு நோம்பு திறக்க மடவளையில ஒரு மஃரிப், யாழ்ப்பாணத்தில இன்னொரு மஃரிப்.

— இப்ப மட்டும் என்ன நடந்திச்சி? கொப்பி அடிக்காமலே ரெண்டு மஃரிப்!

— நீர் சொன்னது சரி. பிழை எங்க எண்டு தான் தேடுறன்.

— அண்ணன், இங்க பாருங்க. இன்டைக்குச் சரியா அடிக்கணும். நேத்துப் பிழையாக் கேட்ட சனம் இன்டைக்கும் பிழையாக் கேட்டா, பொறகு காது குடுக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் திரும்பி வந்து இரிக்கிற நம்மட முஸ்லிம் குடும்பமே கொஞ்சம். அதில ஒருத்தராவது சத்தத்தக் கேட்டு ரஞ்சிதக்காட வீட்டுப் பக்கம் வந்தாத் தான் மாமாவப் பத்தி விசாரிக்க ஏலும்.

— றலியாவின்ர தகப்பனைப் பற்றி இன்னும் ஒரு சேதியும் இல்லையே?

— பாதை பூட்டினதோட அவர்ட ஃபோனும் செத்திச்சி. கடையில பூட்டுத் தொங்குதாம், பக்கத்துக் கடையிலயும் ஆள் இல்லியாம். றலியா விடியப்புறம் சஹருக்கு எழும்பினா சோத்துக்கு முந்தி கேள்வி தான். "வாப்பா எடுத்தாரா?" லைன் இல்ல, யாருக்குமே இல்லண்டு நான் செல்ற. நீங்க ரஞ்சிதக்காவோட கதைக்கிறது அவளுக்குத் தெரியாதா? பொய் செல்லிச் செல்லி என்ட நோம்பு கூடுதோ முறியுதோ.

— அந்த மனிசன் கண்டிக்கு வந்து உங்களோட இருந்திருக்கலாம்.

— யாரு, சாஹுல் ஹமீது ஹாஜியாரா? தொண்ணூறில முஸ்லிம் சனத்த ஒரு பேக்கோட தொரத்தி விட்ட ஊரு. சமாதானம்ண்ட ஒடனே மொத பஸ்ஸில ஏறிட்டார். கடையத் தொறந்துட்டு மவளுக்குக் கோல் எடுத்தார். "மகள், மலையில ஒறங்கினா எனக்குக் காலெல்லாம் குளிருது, இங்க தான் ஒறக்கம் வருது"ண்டார். பொறகு, "பள்ளிக்கு ஒங்கட மாப்பிள்ளைட மணிக்கூடு ஒண்டு வேணும்"ண்டார். இந்த நோம்புக்குத் தாறேண்டு நான் வாக்குக் குடுத்த.

— ம்.

— அந்த "ம்"முக்கு என்ன கருத்து?

— அவருக்கு ஊரில தான் நித்திரை வருது. எனக்கு ரஞ்சி பக்கத்தில நிண்டு பேசினாத் தான் வரும். அவ தங்கச்சியின்ர பிள்ளையைப் பாத்திட்டு வாறன் எண்டு போனவ, பாதை பூட்டினதோட அங்கயே நிண்டிட்டா.

— தெரியும் அண்ணன். ரெண்டு மாசமா ஒங்கட கண்ணப் பாத்தாத் தெரியிது. இந்தா ஃபோன்! எடுங்க, எடுங்க! ஸ்பீக்கரப் போடுங்க!

— ஹலோ? ரஞ்சி?

— இஞ்சாருங்கோ, கெதியாக் கேளுங்கோ, லைன் எப்ப போகுமோ தெரியாது. நான் மெயிலில எழுதினதைப் பாத்தனியளே?

— பாத்தன். அரை மணித்தியாலம் முந்தி அடிச்சது எண்டு எழுதியிருந்தீர். ... சுகமா இருக்கிறீரே?

— உங்களுக்கு முதல்ல புரோகிராம், பிறகு தான் பெண்சாதி. சுகமா இருக்கிறன். தங்கச்சியும் பிள்ளையும் சுகம். பிள்ளை உங்களை மாதிரி. பால் கேக்கக்கூட வாய் திறக்காது, பாத்துக்கொண்டே கிடக்கும்.

— ரஞ்சிதக்கா, நான் பஹ்மி. நேத்து அடிச்சதுக்கு யாராவது வந்தாங்களா?

— ஆள் வரேல்லை பஹ்மி, ஏச்சுத்தான் வந்தது. வேலிக்கு அங்கால நிண்டு ஆரோ கத்தினார். "சூரியன் இன்னும் நிக்கிது, யாரது நோம்ப முறிக்கப் பாக்கிறது?" எண்டு. அது ஆக்கள் இல்லாத வளவு எண்டு தான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தம். நான் கேற்றைத் திறக்கிறதுக்குள்ள ஊரடங்கு வந்திட்டுது, ஆளைக் காணேல்லை. இண்டைக்கும் பிழையா அடிச்சா கல்லு வரும்.

— ரஞ்சி, பொறும். உம்மட கொம்பியூட்டரின்ர மூலையில இப்ப நேரம் என்ன காட்டுது?

— ஏன்? சரியாத்தான்... ஐயோ.

— என்ன?

— அரை மணித்தியாலம் முன்னுக்கு நிக்குது. ஏப்ரலில நாடு மணிக்கூட்டைப் பின்னுக்கு விட்டவுடன நானும் கையால விட்டனான். சத்தியமா விட்டனான். பிறகு ஒருத்தரும் தொடேல்லை.

— நேற்று மெயில் இறக்க இன்ரநெற்றில விட்டனீரே?

— விட்டனான் தானே. விடாமல் உங்கட ஃபைல் எப்பிடி வாறது?

— அது தான்! அது தான் ரஞ்சி! இன்ரநெற்றைத் தொட்டவுடன அது உலக நேரத்தைக் கேட்டுத் தன்ர பாட்டில திருத்திப் போட்டுது! இலங்கை நேரம் மாறினது அதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அது பழைய அரை மணித்தியாலத்தையும் கூட்டிப் போட்டுது! என்ர புரோகிராம் அந்த மூலையைப் பாத்து அப்பிடியே நம்பினது!

— அக்கா, அண்ணன் கத்திக் கதைக்கிறார். கேட்டீங்களா?

— கேக்குது, கேக்குது. கலியாண வீட்டிலயும் இந்த மனிசன்ர குரல் இவ்வளவு தூரம் கேக்கேல்லை.

— அப்ப இங்க எப்பிடிச் சரியா அடிச்சிச்சி?

— என்ர மடத்தனம் பஹ்மி. ஏப்ரலுக்குப் பிறகு எங்கட நேரமும் இந்தியாவின்ர நேரமும் ஒண்டு தானே. இந்தக் கொம்பியூட்டரில அப்பவே இந்தியா எண்டு மாத்தி வைச்சிட்டன். அதால இஞ்ச பிழை தெரியாது. எல்லாற்ற மேசையும் என்ர மேசை மாதிரி இருக்கும் எண்டு நினைச்சிட்டன்.

— சிப்புக்குள்ள இப்பிடி நடக்காதா?

— சிப் ஒருத்தரையும் கேளாது. நீர் திருகி வைச்ச நேரத்தை நம்பி எண்ணிக்கொண்டு இருக்கும். மேசையில இருக்கிறது ஊர் உலகத்தை விசாரிக்கும். பெட்டியில இருந்து மேசைக்கு மாத்தேக்க பஸ்ஸரை மாத்தினன், எழுத்தை மாத்தினன். மணிக்கூடு எண்டா மணிக்கூடு தானே எண்டு விட்டிட்டன்.

— நீங்களும் அந்தச் சிப் மாதிரித்தான். ஒருத்தரையும் விசாரிக்காமல் உள்ளுக்க எண்ணிக்கொண்டு இருக்கிறது.

— வல்லாஹி அக்கா, நான் இதச் செல்ல இவ்வளவு நாளாச் சொல்லுத் தேடினேன்.

— ரஞ்சி, பஹ்மி, ரெண்டு பேரும் பொறுங்கோ. இந்த நாட்டில கொம்பியூட்டர் மட்டும் என்ன செய்யும்? ஓமந்தைக்கு அங்கால இயக்கத்தின்ர வன்னிக்குள்ள ஒரு நேரம், இஞ்சால ஒரு நேரம் எண்டு எவ்வளவு காலம் இருந்தது. பஸ்ஸில வாற சனமெல்லாம் ஓமந்தையில கை மணிக்கூட்டைத் திருகினது தானே.

— ஓம், நீங்கள் திருக மறந்து என்னைப் பொம்பிளை பாக்க வந்த அண்டு அரை மணித்தியாலம் கேற்றடியில நிண்டதும் தெரியும். இப்ப என்ன செய்யிறது? நான் கையால பின்னுக்கு விடவோ?

— விட்டால் அடுத்த மெயிலோட திரும்பவும் முன்னுக்குப் போகும். தொடாதையும். நான் மேசைத் துண்டை மாத்திறன். மூலையில இருக்கிற நேரத்தைப் பாராமல், உள்ளுக்க இருக்கிற உலக நேரத்தை எடுத்து, எங்கட கணக்கை நாங்களே கூட்டுவம். சின்ன வேலை. அனுப்புறன்.

— மெயில் எடுக்க நான் இந்த லைனை வைக்க வேணுமே. ஃபோனும் இன்ரநெற்றும் ஒரு கம்பி தானே. வைச்சால் திரும்பக் கிடைக்குமோ தெரியாது.

— வையும்.

— பாருங்கோ பஹ்மி, "வையும்" எண்டு ஒரு சொல்லு. மற்ற மனிசர் எண்டால் வைக்க முதல் ஏதும் சொல்லுவினம்.

— ... ரஞ்சி.

— ஓம்?

— ...

— இருக்கிறன், சொல்லுங்கோ.

— வையும். அனுப்புறன்.

— விசர் மனிசன். வைக்கிறன்.

— அண்ணன், நான் இல்லாட்டி ஏதாவது செல்லிரிப்பீங்களா?

— தெரியாது. அந்தக் கதிரையைத் தள்ளும், வெளிச்சம் காணாது.

— மழ இருட்டு. சூரியன் எங்கண்டு பாக்கவே ஏலாது. இப்பிடியான நாளைக்கு மனிசனுக்கு ஒங்கட கணக்குத் தான் கதி. எழுதிட்டீங்களா? ... எழுதிட்டீங்களா?

— நீர் கேக்கிற நேரம் எழுத முடியாது.

— சரி, வாய மூடிட்டேன்.

— ... கட்டளை குடுத்தாச்சு. மேசைக்கு.

— செவப்பா வருதா?

— இல்லை. மஞ்சள். அது எச்சரிக்கை.

— எச்சரிக்கைண்டா?

— குலைக்கும், கடிக்காது. கட்டி முடிஞ்சுது. இப்ப பெட்டிக்கும் ஒருக்காக் கட்டிப் பாக்கிறன்.

— எனத்துக்கு? அனுப்புங்க மனிசன், நேரம் போகுது!

— மேசையைத் திருத்தி நான் பெட்டியைக் கெடுத்தால் மடவளை முழுக்க நோம்பை விட்டிட்டு என்னைத் தேடி வரும். பொறும். ... அதுவும் சரி. ரெண்டும் சரி. அனுப்பியாச்சு.

— போயிட்டா?

— எங்கட பக்கத்தால போயிட்டுது. அங்க இறங்கினதோ தெரியாது.

— அப்ப இனி?

— இனி இருக்கிறது தான்.

— ஒங்களுக்கு அது பழக்கம். எனக்குத் தான் ஏலாது. ... அண்ணன், பல்லேகலை ஃபெக்டரியில ஒங்கள வேலையில இரிந்து நிப்பாட்டினப்போ, "யாழ்ப்பாணத்து ஆள எனத்துக்குக் கடையில வெச்சிக்கிறே, பொலிசு வரும்"ண்டு எல்லாரும் எனக்குச் சென்னாங்க. தெரியுமா?

— தெரியும்.

— பொலிசும் வந்திச்சி.

— வந்தது.

— ஒங்களப் பாத்துட்டு, "இவர் ஊமையா?"ண்டு கேட்டுட்டுப் போனாங்க.

— ஹ ஹ. ஓம். நான் அண்டைக்குக் கனக்கக் கதைச்சனான் எண்டு நினைச்சன்.

— சிரிச்சிட்டீங்க! எனக்கு இது போதும். இந்தா, பள்ளியில பாங்கு!

— இஞ்சயும் அடிச்சிட்டுது. ஒண்டாவே அடிச்சது.

— பிஸ்மில்லாஹ். ... இந்தாங்க, ஈத்தம்பழம். கஞ்சியும் இரிக்கி. இன்டைக்கு வெள்ளிக்கிழமைண்டு ஒங்களுக்கு எறச்சி போடாம றலியா வேற சட்டியில ஆக்கித் தந்தா. குடிங்க, ஆறப் போகுது.

— யாழ்ப்பாணத்துக்கு ஒரு நிமிசம் பிந்தும். இன்னும் எடுக்கேல்லை அவ.

— கஞ்சியக் குடிச்சிட்டே பாருங்களேன். ஃபோன மொறச்சா அடிக்குமா? ... அடிக்கிது!

— ரஞ்சி?

— வந்திட்டுது, ஓடுது! ஸ்பீக்கர் ரெண்டையும் யன்னலில வைச்சிருக்கிறன். கொம்பியூட்டர் மூலையில இன்னும் அந்தப் பிழை நேரம் தான் நிக்குது, உங்கட புரோகிராம் அதைத் திரும்பியும் பாராமல் சரியான நேரத்தைக் காட்டுது.

— நல்லது. அது காணும்.

— இஞ்ச வானம் முழுக்கச் சிவப்பு. அங்க மழையே?

— மழை.

— பொறுங்கோ, நாய் குலைக்குது. ரோட்டில ஊரடங்கு எண்டு ஆரோ பொட்டுக்குள்ளால வாறார்.

— பொட்டுண்டா என்ன? ஆமியா அக்கா?

— வேலியில ஆக்கள் பூந்து வாற ஓட்டை, பஹ்மி. ஆமி இல்லை. சாரம் கட்டின ஒரு பெரியவர், மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து வாறார். நேற்று ஏசின ஆள் தான் போல கிடக்கு. ரிசீவரை மேசையில வைக்கிறன், லைனை வெட்டிப் போடாதையுங்கோ.

— அக்கா, அவர்ட்டக் கேளுங்க, ஹாஜியார் எங்க இரிக்கிறாருண்டு... போயிட்டா.

— சத்தம் போடாதையும் பஹ்மி.

— அண்ணன்! பீப்! கேட்டீங்களா? அடிக்கிது, யாழ்ப்பாணத்தில அடிக்கிது!

— ஓம்.

— ஓமா? அவ்வளவு தானா? கையத் தாங்க மனிசன்!

— தரலாம். கஞ்சி பட்ட கை, பரவாயில்லையே?

— பரவால்ல! ... பீப் நிண்டிச்சி. இது என்ன? அண்ணன், இது பாங்குக் குரல். குரலும் போட்டீங்களா? என்ட்ட ஒரு வார்த்த செல்லல்லியே!

— நான் குரல் ஒண்டும் போடேல்லை. பீப் மட்டும் தான்.

— அப்ப ரேடியோவா?

— ரேடியோ எண்டால் நடுவில இருமாது.

— இஞ்சாருங்கோ, கேக்குதே? அந்த மனிசன் தான்! பீப் அடிக்க மணிக்கூட்டைப் பாத்தார், இண்டைக்குச் சரி எண்டு தலையை ஆட்டினார். பிறகு, "நேரத்த மிசின் செல்லட்டும், பாங்க மனிசன் தான் செல்லணும்" எண்டிட்டு, ஈத்தம்பழத்தையும் வாயில போட்டுக்கொண்டு யன்னலடியில நிண்டு தொடங்கீட்டார். பேர் கேக்கவும் விடேல்லை.

— பஹ்மி? பஹ்மி, என்ன இது? ஏன் அழுறீர்?

— அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒங்கட மொபைலத் தாங்க அண்ணன். கெதியா. முடியிறதுக்குள்ள.

— இந்தாரும். ஆருக்கு?

— றலியா? ஒண்டும் கேக்காத. இந்த ஃபோன அந்த ஃபோனோட சேத்துப் புடிக்கிறேன், நீ காத மட்டும் குடு. ஒன்ட வாப்பா பாங்கு செல்றார்.